ஷார்ஜா – திருச்சி, நாலு மணி நேரம்

அப்பா இறந்து மூன்றாம் நாள்தான் எனக்கு டிக்கெட் கிடைத்தது. ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நேராகப் போகும் விமானம். அதுவரை எங்கள் ஊர் ஆவூரில் அவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். எனக்காக மட்டும்தான். அப்பா முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், வேறு ஒன்றும் வேண்டாம் என்று போனில் அண்ணனிடம் அழுதிருந்தேன்.

"பிளைட்டு எத்தனை மணிக்குக் கெளம்புது?" என்று கேட்டான்.

"காலையில ஒம்பதுக்குண்ணே. நாலு மணி நேரம். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேணாம், நானே கார் பிடிச்சு வந்துர்றேன்."

"அப்ப ஒரு மணிக்கு எறங்கிருவ. ரெண்டுக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம். ரெண்டரைக்கு அடக்கப் பூசைன்னு பங்குச் சாமியார்ட்ட சொல்லிர்றேன். சாயங்காலம் அவருக்கு வேற ஊர்ல பூசை இருக்காம். பூசை முடிஞ்சதும் பெட்டிய மூடிருவாங்க."

"சரிண்ணே" என்றேன். நான் நர்ஸ். நாள் முழுக்க மணி பார்த்து எழுதுகிற வேலை. அந்தச் 'சரி'யைச் சொன்ன வாயை இன்றைக்கும் அறைய வேண்டும் போலிருக்கிறது.

விமானம் மேலே ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருக ஆரம்பித்தார். பொன்னமராவதிப் பக்கத்து ஆள். "மூவாயிரம் கிலோமீட்டர் கெடக்கும்மா. இப்பவே நம்ம ஊரு டைம் வச்சுட்டா கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். ஒன்பதரையாக இருந்தது பதினொன்றாகிவிட்டது.

நான் சொன்ன ஒன்பது ஷார்ஜா ஒன்பது. அண்ணன் கூட்டியது ஆவூர் ஒன்பது. நான் இறங்கும்போது ஊரில் மணி இரண்டரை. கோயிலில் பூசை ஆரம்பித்திருக்கும்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஒரு போன் பேச வேண்டும் என்றேன். இறங்கியபிறகுதான் முடியும் என்றாள். அவளிடம் கத்தினேன், பாவம். அப்புறம் மாதாவிடம் மன்றாடினேன். சாமியார் வண்டி பஞ்சராகட்டும், அவருக்குக் காய்ச்சல் வரட்டும் என்றெல்லாம் வேண்டினேன். கீழே மேகம் அசையாமல் கிடந்தது. நாங்கள் நகர்கிறோமா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதும், என் ஷார்ஜா சிம் இங்கே எடுக்காததால், பக்கத்து சீட்டுக்காரரின் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலுக்குள் யார் போனை எடுப்பார்கள்? பாஸ்போர்ட் வரிசையில் முன்னால் நின்றவர்களை எல்லாம் கும்பிட்டுக் கும்பிட்டுத் தாண்டினேன். அப்படியும் கார் ஏற மூன்றேகால் ஆனது. வழியெல்லாம் டிரைவரை விரட்டினேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் திரும்பி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு ஒருவரும் அழவில்லை. குழியை மூடி மேலே மாலைகளைப் போட்டிருந்தார்கள்.

அண்ணன் மட்டும் அங்கேயே நின்றான். கை முழுக்க மண். "ஒரு மணிக்கு எறங்கினவ இவ்வளவு நேரம் எங்கடி இருந்த?" என்றான். "போனும் சுவிட்ச் ஆஃப். ஒனக்கு வர மனசில்லையோன்னு நெனச்சுட்டோம்."

சொல்வதற்கு என்னிடம் கணக்கு இருந்தது. ஒன்றரை மணி நேர வித்தியாசம், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அப்பாவும் அப்படி நினைத்துக்கொண்டே குழிக்குள் போயிருப்பாரோ என்று தோன்றியது. அண்ணனிடம் அதைச் சொல்லாமல், மாலைகளை ஒதுக்கி அந்த மண்ணில் கையை வைத்தேன்.