பதினோராவது ஷரத்து

எங்கள் வீட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் நான்தான். முதல் வேலைக்கான கடிதத்தை நீட்டியதும், எங்கே போடணும் என்று கேட்டு நாலு பக்கத்திலும் மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவிடம் "படிச்சேன்ப்பா" என்று ஒரு பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கியிருக்காது.

அப்பா கர்நாடக அரசு அலுவலகம் ஒன்றில் வாழ்நாள் முழுக்கக் கோப்பு படித்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர். கையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் அவரால் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படிக்க முடியாது. வாஷிங் மெஷின் வாங்கியபோது, உத்தரவாத அட்டையைப் படித்து முடிக்கும்வரை மெஷினை அட்டைப்பெட்டியை விட்டு எடுக்க விடவில்லை. மூன்று நாள் அது ஹாலில் அப்படியே நின்றது. கையால் துவைத்த துணியை அம்மா அதன் தலையிலேயே மடித்து வைத்தாள். கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "எது கெட்டாலும் அவன் பொறுப்பில்லையாம். ஆய்து, சரி, யூஸ் பண்ணுங்க. ஆனா நம்பாதீங்க."

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் குடியிருந்த அல்சூரில் சாஃப்ட்வேரைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே கிடையாது. மாடி போர்ஷன் வைத்திருந்தவர்கள் "சாஃப்ட்வேரா? வாங்க, வாங்க" என்று வாய் கூசாமல் வாடகையை ஏற்றுவார்கள், சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று அவர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டவர் ஜீவனஹள்ளியிலிருந்து வருவார். அவருக்கு எங்கள் தொழில்மேல் தனி வருத்தம்.

"இது உருப்படாதும்மா. பேங்குல இருக்கறவங்க வாரத்துக்கு ஆறு சட்டை குடுப்பாங்க. உங்க ஆளுங்க பனியனப் போட்டுக்கினு ஆபீஸ் போறாங்க. சட்டையே போடாத ஆபீஸ் எத்தினி நாள் ஓடும், நீயே சொல்லு?"

நான் வேலை பார்த்தது சோதனைப் பிரிவில். அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இன்ஜினீயரிங் படிச்சே? உங்க அத்தை படிக்காமலே செய்வாளே" என்றாள். எந்த மென்பொருளைப் போட்டாலும் முதலில் ஒரு பெட்டியில் நீளமாக ஒப்பந்தம் வரும், கீழே "ஒத்துக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தான் இருக்கும் இல்லையா? அந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்த திரை வருகிறதா, அழுத்தாவிட்டால் நிற்கிறதா என்று நான் எத்தனையோ முறை சோதித்திருக்கிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நானும் பார்த்ததில்லை, என் டீமில் ஒருத்தரும் பார்த்ததில்லை. எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். இருக்கும்.

அப்பாவுக்கு இந்தத் தொழில்மேல் இருந்த கோபத்துக்குக் காரணம் நான் இல்லை, என் அக்கா. அவள் மாநில அரசுத் தேர்வு எழுதி, முதல் தடவையிலேயே தேறி, அப்பா வேலை பார்த்த கட்டடத்திலேயே உத்தியோகம் வாங்கினாள். அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. அரைத் தெருவுக்கு மைசூர் பாக் கொடுத்தார். எட்டே மாதம். கோப்புகளுக்கு நடுவில் மூச்சு முட்டுகிறது என்று ராஜினாமா எழுதி, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேரப்போவதாகச் சொல்லி, அந்தக் கடிதத்தை அப்பாவிடமே கொண்டு வந்து நீட்டினாள்.

அப்பா கத்தவில்லை. பென்சிலை எடுத்து, 'ராஜினாமா செய்கிறேன்' என்பதை அடித்துவிட்டு, 'ராஜினாமா செய்ய அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு சரி. அக்காவோடு அவர் பேச்சு நின்றது. கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதுகூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் வார்த்தார். அவள் புருஷனோடு அமெரிக்கா போன பிறகு, வாரா வாரம் போன் வரும்போது, "உடம்பு நல்லா இருக்கா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். அந்த ஒரு வரியைத் தாண்டி அவர் போனதே இல்லை.

ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால், பிரசவத்துக்கு அக்காவின் மாமியார் போனார். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "என் பொண்ணு பெத்தத ஊரே பாத்துடுச்சு, நான் பாக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அக்கா யாரோ ஊருக்கு வந்தவர்களிடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கேமரா கொடுத்தனுப்பினாள். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் முகம் பார்த்துப் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழந்தையைக் காட்டுகிறேன் என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கேபிள் டிவிக்காரர் மரத்துக்கு மரம் ஒயர் இழுத்துக் கொடுத்த இன்டர்நெட், காற்றடித்தால் போய்விடும். ஆமை வேகத்தில் அந்த மென்பொருள் வந்து இறங்கி, ஒப்பந்தப் பெட்டி திறந்தது. பழக்க தோஷத்தில் என் கை பொத்தானுக்குப் போனது.

"நில்லு. எதுக்கு ஒத்துக்கறே?"

பின்னால் அப்பா நின்றிருந்தார்.

"சும்மா ஃபார்மாலிட்டிப்பா. எல்லாரும் அழுத்துவாங்க. இது இலவசம்."

"இலவசமா குடுக்கறவன் எதுக்கு இருபத்து மூணு ஷரத்து போடறான்?"

அடேயப்பா, எத்தனை என்று அதற்குள் எண்ணிவிட்டார்! நான் தொழிலில் இருப்பவள், ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இரவுச் சாப்பாடு வரைக்கும் படித்தார், காலையில் எழுந்து மறுபடி படித்தார். ஞாயிறு எட்டு மணிக்கு அம்மா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, பதினோராவது ஷரத்தில் விஷயம் நின்றுவிட்டதாக அறிவித்தார்.

"இந்த விதிகள அவன் எப்ப வேணாலும் மாத்திக்கலாமாம். நமக்குச் சொல்லவே வேணாமாம். மாத்தினப்புறமும் நாம ஒத்துக்கிட்டதாவே கணக்காம். இன்னிக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு எனக்கே தெரியாதுன்னா, அது என்ன கையெழுத்து?"

உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் ஆபீஸில் இத்தனை பேர் கூடிக் குறை தேடுகிறோம், இது ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை.

அப்பா அதற்கு ஒரு கோப்பே திறந்தார். அட்டை, நாடா, மேலே தலைப்பு எல்லாம் உண்டு. கம்பெனியின் அமெரிக்க விலாசத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் போட்டார். பதினோராவது ஷரத்தைத் திருத்தி அனுப்பினால் ஒத்துக்கொள்வது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தார். 'பரிசீலிக்கப்படும்' என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தினாலும் உறுதி கிடையாது!

பதில் வரும்வரை யாரும் பொத்தானைத் தொடக்கூடாது என்று உத்தரவு. "முக்கியமா நீ தொடாதே. நீ அந்தத் தொழில்ல இருக்கறவ, முதல்ல உன்னத்தான் பிடிப்பான்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "பலகைத் தடுப்புக்குள்ள உக்காந்து, நாலு பேர் மத்தியில அழுதுட்டு நிக்கச் சொல்றியா? என் வீட்டுல பாப்பேன்" என்றுவிட்டாள். பிடிவாதத்தில் அவரும் இவளும் சரியான ஜோடி.

மூன்று ஞாயிறு போனது. அப்பா தினமும் தபால்காரரை வழிமறித்து விசாரித்தார். அம்மா தன் பங்குக்கு ஆரம்பித்தாள். காபி கொண்டு வைக்கும்போது, "டிகாக்‌ஷன்ல என்ன இருக்குன்னு படிச்சுட்டுக் குடிங்க. அப்புறம் என்னக் கேக்கக்கூடாது" என்பாள். சாம்பாருக்கும் அதேதான். இஸ்திரிக்காரரிடம் நான் புலம்பியபோது அவர் அப்பா கட்சி பேசினார்.

"ஐயா கரெக்ட்டும்மா. போன் கார்டு வாங்கச் சொல்லோ என்கிட்ட எட்டு எடத்துல கையெழுத்து வாங்கினான்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கு ஏது படிப்பு? அதனால தைரியமாப் போட்டேன்."

ஒருநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பாவுக்கு ஷரத்து பயம் இல்லடி. அவ மூஞ்சியப் பாக்கத்தான் பயம். போன்னா ஒரு வரி பேசிட்டு நீட்டிடலாம். இதுல எதிர்ல உக்காரணுமே." எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேனே தவிர, இது எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது ஞாயிறு காலை. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க அழுத்தணும், காட்டு. நீ தொடாத." நான் காட்டியதும் விரலைக் கொண்டுபோய்த் திரைக் கண்ணாடியிலேயே அழுத்து அழுத்து என்று அழுத்தினாள். மவுஸை அவள் கைக்குள் வைத்தேன். அம்புக்குறி திரையெல்லாம் அலைந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா ஓடி வந்தார்.

"ஒரு வரி படிக்காம ஒத்துக்கறியா?"

"உங்களயும்தான் படிக்காம ஒத்துக்கிட்டேன்" என்று அம்மா பொத்தானை அழுத்தினாள்.

அப்பா போய்க் கோப்பை எடுத்து, மனைவி தன் பொறுப்பில் ஒத்துக்கொண்டதாக ஒரு குறிப்பு எழுதித் தேதி போட்டார். தான் ஒத்துக்கொள்ளாததால் இதை உபயோகிக்க மாட்டேன் என்று சொல்லி, கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டில், பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டார். அங்கிருந்து திரை தெரியாது. ஆனால் அறையை விட்டுப் போகவும் இல்லை.

வாரா வாரம் எட்டு மணிக்குக் காத்திருந்த அக்கா திரையில் வந்தாள், கையில் குழந்தையோடு. படம் விட்டு விட்டு நகர்ந்தது. "ஐயோ, என் தங்கமே" என்று அம்மா திரையையே தடவினாள். குழந்தை கொட்டாவி விட்டதற்கு ஒரு அழுகை, கண் திறந்ததற்கு ஒரு அழுகை. பக்கத்திலிருந்து அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே, "முடி நிறைய இருக்கா?" என்று என்னைக் கேட்டார். இருக்கு என்றேன். "நிறம்?" "நீங்களே வந்து பாருங்களேன்ப்பா." அவர் அசையவில்லை.

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. "அப்பா எங்கே?"

"இங்கதான் சைடுல நிக்கறார்" என்றாள் அம்மா. "ஏதோ ஷரத்து சரியில்லையாம். ஒத்துக்கலையாம். அதனால பாக்க மாட்டாராம்."

அக்கா, "பதினொண்ணாவதா?" என்றாள்.

நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் இங்கே ஏதோ டெக்னிக்கல் பிரச்சினை என்றுதான் மெயில் எழுதி ஒப்பேற்றியிருந்தேன். அப்பா பீரோவை விட்டு நிமிர்ந்தார்.

"நானும் முழுசாப் படிச்சுட்டுதான் போட்டேன்" என்றாள் அக்கா. "நம்ம வீட்டுல பொறந்துட்டு எப்படிப் படிக்காம இருக்கறது? ஆனா அப்பாவ நாலாவதப் பாக்கச் சொல்லு. எந்த மாத்தமா இருந்தாலும் முன்கூட்டியே தெரிவிப்போம்னு நாலுல சொல்றான். பதினொண்ணுல இல்லேங்கறான். ரெண்டும் எப்படிச் சேந்து நிக்கும்?"

அப்பா கோப்பைப் பரபரவென்று புரட்டினார். நாலாவது ஷரத்தின் பக்கத்தில் பென்சில் குறியே இல்லை. விட்டுவிட்டார்! அரசாங்கத்துக்கே குறிப்பு எழுதிய மனுஷன். முகம் சிவந்துபோய், "அது அப்படி இல்ல, நாலாவது வேற விஷயம்" என்று முணுமுணுத்தார். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, "நகரு, நான் அவகிட்ட சொல்றேன்" என்று அம்மாவை எழுப்பிவிட்டு, சண்டைக்குப் போகும் வேகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பை மடியில் விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார்.

எதிரில் அக்கா. கண்ணுக்குக் கீழே கருவளையம், கலைந்த தலை, தோளில் ஒரு துண்டு. அப்பாவின் வாய் திறந்தது. ஷரத்து எதுவும் வரவில்லை.

"ஏம்மா, என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே?"

அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அம்மா பின்னாலிருந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐயோ, என்னங்க, குழந்தையப் பாருங்க! உங்க பேத்தியப் பாருங்க!"

"இரு, குழந்தைய அப்புறம் பாக்கறேன்" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இவ மூஞ்சிய நிமிந்து பாத்து அஞ்சு வருஷம் ஆச்சு."