குதிரைக்கு நான் போட்ட பட்டினி

என் குதிரையின் வயிற்றைப் புண்ணாக்கியவன் நான்தான். காரணம், வெறும் கௌரவம்.

தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற கையோடு கல்யாண ஊர்வலங்களுக்கு விட ஒரு வெள்ளைப் பெண்குதிரை வாங்கினேன். அந்த வருஷங்களில் சிவகாசிப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில் வருவதுதான் நாகரிகம். முன்னால் சரவெடி வெடிக்காமல் எந்த ஊர்வலமும் நகராது. என் குதிரைக்கு அது ஈ மொய்ப்பது மாதிரி. காதை ஒருமுறை ஆட்டிவிட்டு நடக்கும். ஆனால் முதல் கல்யாணத்திலேயே பட்டுப்புடவைகளுக்கு நடுவே தாராளமாக லத்தி போட்டுவிட்டது. பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றே சட்டம் போட்டேன்: ஊர்வலத்துக்கு முந்தின நாளிலிருந்து தீவனம் கிடையாது. முகூர்த்த மாதத்தில் வாரத்துக்கு மூன்று ஊர்வலம். மிச்சம் எத்தனை நாள் அது தின்றிருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

குதிரையைப் பார்த்துக்கொண்டவர் முன்பு எங்கள் மானாவாரிக் காட்டில் வேலை செய்தவர். என்னைவிடப் பத்து வயதுதான் இளையவர்.

"ஐயா, நறநறன்னு பல்லைக் கடிக்குது. ரெண்டு கை புல்லாச்சும் போடுவமா?"

"ஏலே, மாப்பிள்ளை முன்னால லத்தி போட்டா நீயா அள்ளுவ?"

"அள்ளிட்டுப் போறேன். நீங்க ஒருநா சாப்பிடாம நடந்து பாருங்க, எம்புட்டுத் தூரம் போறீகன்னு!"

வாயை மூடச் சொன்னேன். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போதெல்லாம் குதிரை திரும்பிக் கடிக்க வந்தது. வெடிக்குப் பயம் வந்துவிட்டதென்று அதன் காதில் பஞ்சு அடைத்தேன்.

மல்லாங்கிணறு ஊரில் ஒரு ஊர்வலத்தில் அது நடுத்தெருவில் படுத்துவிட்டது. மாப்பிள்ளை சறுக்கித் தாய்மாமன் மேல் விழுந்தார். ஊரே சிரிக்க, நான் குதிரையைப் பிரம்பால் இரண்டு போட்டேன். மூன்றாவது அடியைக் குதிரைக்காரர் தன் கையில் தாங்கினார்.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் வயிற்றுப்புண்ணாக இருக்கலாம் என்றார். குதிரையின் வயிறு தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்குமாம். புல்லை மென்று எச்சிலோடு விழுங்கினால்தான் அடங்குமாம்.

"பட்டினி போடுவீங்களா சார்?"

"எப்பவாச்சும்," என்றேன். முப்பது வருஷம் பிள்ளைகள் என்னிடம் பொய் சொன்ன அதே முகம் எனக்கு. குதிரைக்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பொய்யால் கிடைத்தது சாதாரண மருந்து. இன்னும் ஒரு வாரம் குதிரை தீவனத்தைத் தொடாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

தாங்க முடியாமல் மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மாத்திரை மாறியது. அந்த சீசனில் ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்களையெல்லாம் வேண்டாமென்றேன். குதிரையைத் தரிசில் அவிழ்த்துவிட்டோம். பகலும் இரவும் அதன் முன்னால் புல்லோ சோளத்தட்டையோ கிடந்தது. குதிரைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீக? அதுகிட்டப் போயிக் கேளுங்க."

இரண்டு மாதத்தில் ரோமம் மினுமினுக்க ஆரம்பித்தது. குதிரையை அவருக்கே கொடுத்துவிட்டேன். இன்றும் காலையில் ஒரு புல்கட்டோடு போகிறேன். கட்டைப் போட்டுவிட்டு நான் பத்தடி தள்ளி நின்ற பிறகுதான் அது வாய் வைக்கிறது.