எல்லோருக்கும் சரிங்க சொன்ன பெனடிக்ட்

பெனடிக்ட்டுக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. கணபதிப் பேட்டையில் என் பட்டறைக்கு அடுத்த பட்டறை அவனுடையது. எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். ஓட்டத் தெரியாமல் மோட்டாரைப் புகைத்துவிட்டு வந்து, நீ கட்டினது சரியில்லை என்று சண்டை பிடிப்பவனிடம்கூட, "சரிங்க, பாத்துக்கலாமுங்க" என்பான். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவன் அப்பா தேவதாஸ் நாற்பத்தைந்து வயதில், மாதா கோயில் வாசலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அந்த வயதை நெருங்க நெருங்க மகனுக்குப் பயம் வந்துவிட்டது. சர்க்கரை வேறு. அப்பாவைப் போலப் போய்விடக் கூடாது என்றுதான் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினான். ஆசைக்கு வாங்கியதல்ல, உயிருக்கு வாங்கியது.

சனிக்கிழமை காலையில் மருதமலைப் பக்கம் போகும் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தான். எப்படிப் பழகுவது என்று அவர்களுடைய வாட்ஸப்பில் கேட்டான். நம் ஊரில் கேட்டவனிடம் தெரியாது என்று எவன் சொல்வான்? வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை இறங்கும் என்றார் ஒருவர். மேடு ஏறினால்தான் நெஞ்சு பலப்படும் என்றார் இன்னொருவர். மூச்சு வாங்கினாலும் நிறுத்த வேண்டாம், தாண்டிவிட்டால் பழகிவிடும் என்றார் மூன்றாமவர். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொன்னதை விட்டால் அவர் மனசு சங்கடப்படுமாம். எல்லோருக்கும் சரிங்க போட்டான். எல்லாவற்றையும் செய்தான். தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்துகொண்டே மேடு ஏறினான், பாவி.

உருப்படியாகச் சொன்னவள் ஒருத்திதான். சைதன்யா என்று பெயர். மாநிலப் போட்டிகளில் ஓட்டியவள், இப்போது பயிற்சி கொடுக்கிறாள். அடிவாரத்து டீக்கடையில் இவன் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி உண்டா என்று கேட்டாள். அப்பா கதையைச் சொன்னான். குழு முழுக்க நிற்கும்போதே பட்டென்று சொல்லிவிட்டாள்.

"இப்படி ஏறுனா செத்துப்போவீங்க. மொதல்ல ஹார்ட் டாக்டரப் பாருங்க. அவர் சரின்னு சொன்னா வாங்க, மேடே இல்லாத ரோட்டுல மெதுவா ஆரம்பிக்கலாம்."

அவளுக்கும் சரிங்க என்றுதான் சொல்லியிருக்கிறான். பட்டறைக்கு வந்ததும் முகம் தொங்கிப்போயிருந்தது. "நாலு பேத்து முன்னால சாவப் பத்திப் பேசறா. அந்தப் புள்ளைக்கு மருவாதயே தெரியலீங்கண்ணா" என்றான். மரியாதையைத் தூக்கி உடைப்பில் போடு, நாளைக்கே டாக்டரிடம் போ என்று கத்தினேன். "சரிங்கண்ணா" என்றான்.

போகவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே மேட்டில் அதே குழுவோடு ஏறினான். பாதியில் திணறியபோது பின்னால் வந்தவர், விட்டுராதீங்க, இன்னும் கொஞ்சந்தானுங்க என்று உற்சாகப்படுத்தினாராம். அவருக்கும் சரிங்க சொன்னானாம். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

அடக்கத்துக்குக் குழுவே வந்தது. அவன் மனைவி சாராள் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய், ஏனுங்க, அவருக்குச் சொல்லிக்குடுத்தது நீங்களுங்களா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லீங்க, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க என்றார்கள் ஒருவர் பாக்கியில்லாமல். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். எனக்கு அவர்களை அறையவேண்டும் போல இருந்தது.

சைதன்யா சுவரோரம் தனியாக நின்றிருந்தாள். சாராள் நேராகப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்து உன்னயத் திட்டுனாரு, அம்மணி. எம் புருசனப் பாத்து இப்புடிப் பேசறதுக்கு அவ யாருன்னு நானுஞ் சேந்துதான் திட்டுனேன்."

பட்டென்று பேசுகிற அந்தப் பெண் தன் இன்னொரு கையால் சாராளின் கையைப் பொத்திக்கொண்டாள். சாராளும் கையை விடவில்லை.