கைப்பிடி அரிசி

பொன்னி அரிசி டப்பாவில் ரேஷன் அரிசியைத் தவறிக் கொட்டிவிட்டேன். குக்கரைத் திறந்தால் சோறு பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்தது. பேரையூரில் எங்கள் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைச் சோறு இப்படித்தான் இருக்கும். வீடு வீடாகச் சபைக்கென்று எடுத்துவைத்த கைப்பிடி அரிசியெல்லாம் ஒரே அண்டாவில்தானே வேகும்!

ஒரு வருஷப் பண்டிகையின்போது அம்மாவும் அவள் தங்கை ரூத் சித்தியும் பேசாமல் இருந்தார்கள். பந்தியில் இடமில்லாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டியதாயிற்று. ஒரு வாய் சாப்பிட்டதும் அம்மா இலையைப் பார்த்துச் சொன்னாள்: "எவ வீட்டு அரிசியோ, வேகவே இல்ல."

"ஒன் வீட்டு அரிசிதேன்க்கா," என்றாள் சித்தி.

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். எட்டு மாதமாகச் சபைப் போதகர் ஐயர் செய்த ஜெபம் அன்றைக்குத்தான் பலித்தது.

"கொட்டிறவாம்மா?" என்கிறாள் மகள், குக்கரைப் பார்த்து.

"கொட்டாத. மாமாவுக்குப் போன் போட்டு, சாப்பிட வரச் சொல்லு."

தம்பியோடு நான் பேசி ஒரு வருஷமாகிறது.