மாமாவின் கரி மூட்டை

கிள்ளானில் அப்பாவுக்குப் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கரும்புச்சாறுக் கடை. சாற்றை ஊர் குடிக்கும். சக்கை எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேரும். வந்த வேகத்தில் புளித்து நாறும், எறும்பு மொய்க்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்டி வேலியோரம் வந்து நின்றார்.

"அண்ணே, இனிமே இந்தச் சக்கை இங்க கிடந்தா கவுன்சிலுக்குப் போன் போட்டுருவேன் லா."

சக்கையைப் போட வேறு இடமில்லை. கடையை மூட வேண்டியதுதான் என்று அப்பா சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான், வேலை போய் எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, களத்தில் குதித்தார். யூடியூப்பைக் கரைத்துக் குடித்தவர் அவர். காய்ந்த சக்கையை மூடி போட்ட தகர டின்னில் அடைத்து, சுற்றிலும் தீ மூட்டினார். காற்றுப் படாமல் வெந்தால் சாம்பலாகாதாம், கரியாகுமாம். முதல் தடவை மூடி இறுகவில்லை, சாம்பல்தான் மிஞ்சியது. வீடே சிரித்தது. அடுத்த தடவை கொட்டியபோது கரி கறுகறுவென்று மின்னியது; ஒரு மூட்டை நிறைய அள்ளி வைத்தார்.

"இத மண்ணுல போட்டா செடி எப்படி வளருதுன்னு பாருங்க!" என்று அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டியில் அள்ளிப் போட்டார். இலையெல்லாம் மஞ்சளடித்தது. மாமா அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அம்மா திட்டவில்லை. மீன் கழுவிய தண்ணீரைத் தினமும் அந்தக் கரி மூட்டையில் ஊற்றத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் கிடையாது; அன்று அரிசி களைந்த தண்ணீர். கோபத்தைக் கரிமேல் காட்டுகிறார் என்றே நினைத்தேன். ஆச்சரியம், மூட்டையில் மீன் வாடையே இல்லை.

சில வாரம் கழித்து, "இன்னொரு தடவ போட்டுப் பாருடா தம்பி" என்றார் அம்மா. மாமா அரை மனதோடு போட்டார். கறிவேப்பிலை தொட்டி தெரியாமல் தழைத்தது! கத்திரியில் போட்டார், கிளை தாங்காமல் காய்த்தது. போன் போடுவேன் என்ற அதே ஆன்டி, அதே வேலியோரம் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கும் ஒரு மூட்டை கொடு லா."

அன்று அப்பா கடைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார். சக்கை மிஞ்சவேயில்லை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் என் கைராசி அக்கா!"

"ஆமாடா" என்று அம்மா மீன் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

வெறும் கரி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும், முதலில் அதற்குப் பசியாற்ற வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தம்பி தலைநிமிர்ந்து நடக்கட்டும் என்று ஓர் அக்கா சட்டியை மறைப்பாள் என்பது சுத்தமாகத் தெரியாது.