பதினொரு கெட்ட வார்த்தைகள்

கைபேசியில் நாலு எழுத்து அடித்தால் மீதியை எடுத்துக்கொடுக்கிறதே, அந்தச் சொற்பட்டியலைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவளை அலுவலகத்தில் அகராதி அக்கா என்பார்கள். முகத்துக்கு நேரேதான். அவளும் சிரித்துக்கொள்வாள். பட்டியலில் ஒரு கெட்ட வார்த்தைகூட நுழையாமல் தடுத்தவள் அவள்தான். எவனாவது முழுசாக அடித்தாலும் வெறும் நட்சத்திரங்கள்தான் விழும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை, வேலை தாமதமானதென்று மேலாளர் அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார். பதினொரு கெட்ட வார்த்தைகள். அவள் எண்ணினாள். சொற்களை எண்ணுவதுதானே அவள் பிழைப்பு. புகார் கொடுத்தாள், காதால் கேட்ட மூன்று பேர் சாட்சிக்கு வந்தார்கள். புகாரைக் கணினியில்தான் அடிக்க வேண்டும். அங்கேயும் அவள் போட்ட தடைதான் காவல்.

"என்னக்கா, வெறும் நட்சத்திரமா இருக்கு?" என்றார் விசாரணை அதிகாரி. "சோம்பேறின்னு மட்டும்தான் சொன்னேங்கிறார் மேலாளர். நீங்களே வாயால சொல்லுங்க."

அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சாட்சிகளுக்கும் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். பொய்ப் புகார் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனை விடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

அடுத்த அலுவலகக் கூட்டத்தில், முதலாளி முன்னால், தடையை எடுக்க வேண்டும் என்றாள்.

"குழந்தைங்க கையில போற சாமான். நாகரிகம் வேணாமா?" என்று குதித்தார் மேலாளர். நாகரிகத்தைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை இல்லை.

"நாம எடுத்துக்கொடுக்க வேணாம் சார். அவங்களா அடிச்சா மறைக்காம இருந்தாப் போதும். திட்டு வாங்கினவங்க எதை வச்சு எழுதுவாங்க?"

முதலாளி சரி என்றார். தடையை அவளே நீக்கினாள். புகாரை மறுபடி அடித்தாள். வாய்க்கு வராதது விரலுக்கு வந்தது.

மறுவிசாரணைக்கு முதலாளியும் வந்து உட்கார்ந்தார். புகாரை உரக்க வாசிப்பது விதி. ஒவ்வொரு வார்த்தைக்கும் சாட்சிகள் மூவரும் ஆமாம் என்றார்கள். மூன்றாவதிலேயே அதிகாரிக்கு வேர்த்துவிட்டது.

"மீதிய வாசிச்சதா வச்சுக்கலாமா?"

"வேணாம். எல்லாத்தையும் வாசிங்க."

மேலாளரின் முகம் செத்துப்போயிருந்தது. "போதும்னு சொல்லும்மா," என்றார் அவளிடம், தணிந்த குரலில். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏழாவது வார்த்தையில் அதிகாரிக்கு நாக்குக் குழறியது.

"சரியாக் கேக்கல," என்றாள். "முதல்ல இருந்து வாசிங்க."