ராத்தா எடுத்துக்கொண்ட பாதிப் பதில்

என் ராத்தா ஸுஹைறாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தையல் மெஷினில் இருந்தாலும் பாதி அபாயாவோடு எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பாள், கோழியை விரட்டுவாள், வேலியோரம் வந்து என்னை நாலு ஏச்சு ஏசுவாள். சாய்ந்தமருதில் எங்கள் உம்மா பெண்மக்கள் இருவருக்கும் கொடுத்த வளவில் அவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் எனக்கு ஒரு வீடு. அவள் அடங்கி நிற்பது தொழுகையில் மட்டும்தான். பாங்கு சொன்னால் கத்தரிக்கோல் துணியிலேயே கிடக்கும்.

அந்தத் தொழுகைதான் இந்த வருஷம் அவளை விட்டுப் போனது. றமழானில் ஒரு நோன்பும் தவறக்கூடாது என்று இங்கே பெண்கள் மாதவிடாயைத் தள்ளிப்போடக் குளிசை போடுவார்கள். டொக்டரைக் கேட்பதில்லை. ஒருத்தி போட்டு மிஞ்சியதை இன்னொருத்திக்குக் கொடுப்பாள், பெருநாள் பலகாரம் பங்கிடுவதுபோல. ராத்தாவும் வாங்கிப் போட்டாள். நோன்பு முழுசாகக் கிடைத்தது. ஆனால் நோன்புப் பெருநாளோடு தொடங்கிய உதிரம் இரண்டு மாதம் தாண்டி ஹஜ்ஜுப் பெருநாள் வந்தும் நிற்கவில்லை.

உதிரம் நின்றால்தானே குளிப்பு, குளித்தால்தானே தொழுகை? அப்படித்தான் அவள் நினைத்தாள். பாங்கு கேட்டதும் குசினிக்கும் வாசலுக்கும் நடப்பாள், முஸல்லாப் பாயை எடுப்பாள், திரும்ப மடித்து வைப்பாள்.

"எல்லாரும் உள்ளுக்குப் போயிட்டாங்க, என்ன மட்டும் வெளிய விட்டுக் கதவப் பூட்டின மாதிரி இரிக்கி புள்ள" என்று என்னிடம் அழுதாள்.

பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுவரும்படி அவள் புருஷனை அனுப்பினோம். என் மச்சான் ஷரிபுதீன் கல்முனைச் சந்தையில் அரிசிக் கடைக்காரர். கடையில் அவர் வாய்க்கு முன்னால் யாரும் நின்றதில்லை. பள்ளிவாசலுக்குள் அந்த வாய் எங்கே போய் ஒளிந்ததோ! கூட்டாளியின் மனைவிக்கு என்று இழுத்து இழுத்துக் கேட்டாராம். ஆலிம் விளக்கமாகச் சொல்லத் தொடங்கியதும் வெட்கம் தாங்காமல் இடையிலேயே எழும்பி வந்துவிட்டார். கொண்டுவந்தது ஒரே வரி.

"குளிச்சிப்போட்டுத் தொழட்டாம்."

அவ்வளவுதான். ராத்தா தொழுகைக்குத் தொழுகை குளிக்கத் தொடங்கினாள். விடியச் சுபஹுக்கும் குளிப்பு, இரவு இஷாவுக்கும் குளிப்பு. கிணற்றடி காயவே இல்லை. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. விட்டாளா? எனக்கு வந்த கோபத்தில் ஓட்டோ ஒன்றைப் பிடித்து அவளை மருதமுனைக்குக் கொண்டுபோனேன். அங்கே பெண்களுக்கு மார்க்கப் பாடம் எடுக்கும் சித்தி லைலா மௌலவியாவின் முன்னால் உட்காரவைத்தேன்.

மௌலவியா வெட்கப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"பதினைஞ்சு நாளத் தாண்டினா அது மாதவிடாயில்ல ராத்தா, நோய். முந்தி மாசாமாசம் வழமையா வந்த நாள் இரிக்கே, அதில மட்டும் தொழுகைய விடுங்க. அது முடிய ஒருக்காக் குளிங்க. மறுகா ஒவ்வொரு பாங்கு சொன்ன பொறகும் கழுவி, பேட் மாத்தி, வுழூ எடுத்து, சுணங்காமத் தொழுங்க. தொழக்குள்ள உதிரம் வந்தாலும் தொழுக கூடும், முறியாது."

"அப்ப நான் தொழாம இரிந்த நாளெல்லாம் தொழுதிரிக்கணும்?"

"ஓம். விட்டதெல்லாத்தையும் திரும்பத் தொழுது களாச் செய்ங்க. ஆனா நோய் எண்டு சொன்னன்தானே, டொக்டர்ட்டயும் போங்க. கட்டாயம் போங்க."

ராத்தா அழுதாள், சிரித்தாள், மௌலவியாவின் கையைப் பிடித்துக் கொஞ்சினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு டொக்டர் பேச்சை எடுத்தால் அவளுக்குக் காதே கேட்காது. "தொழுக கூடுதெல்லா, மறுகென்னகா?" என்பாள். புருஷன் பாதிப் பதிலோடு ஓடிவந்தார் என்று ஏசியவள், முழுப் பதிலையும் கையில் வைத்துக்கொண்டு தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். தொழுகை முடிந்ததும் திரும்பவும் முகம் கைகால் கழுவி இன்னொரு வுழூ எடுத்து ஒரு களாத் தொழுவாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. இப்போது இருப்புக்கொள்ளாமல் நடந்தது நான். வேலியால் எட்டி எட்டிப் பார்த்தேன். மெஷின் சத்தம் நின்றால் ஓடினேன். சண்டை பிடிக்காத நாளில்லை.

"வவுத்தக் கிழிச்சிருவாங்க எண்டு பயமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போகா! அதுக்கில்ல" என்றாள். அதற்குத்தான்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகையில் சுஜூதுக்கு நெற்றியைத் தரையில் வைத்தவள் எழும்பவில்லை. நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன், அப்படியே சரிந்துவிட்டாள். யா அல்லாஹ்! நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சுஜித்தா ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தார். "குளிசைய மட்டும் குறை சொல்ல ஏலாது. கர்ப்பப்பையில பெரிய கட்டி. உடம்பில ரத்தமே இல்ல. இவ்வளவு நாளும் ஏன் வரல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"முதல்ல ரத்தம் ஏத்துவம் அக்கா. அதுக்குப் பிறகு கர்ப்பப்பைய எடுக்கணும். விட்டா உயிருக்கு மோசம். நீங்க சம்மதம் சொல்லணும்" என்று அவளிடம் சொன்னார்.

மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எடுத்தா எவ்வளவு காலம் இரிப்பன் டொக்டர்?"

"நல்லா இருப்பீங்க. இன்னும் எத்தனையோ வருஷம்."

ராத்தா கையை நீட்டி என் விரல்களைப் பிடித்தாள்.

"அப்ப எடுங்க" என்றாள். "என்ட களா இன்னும் எவ்வளவோ கிடக்கு. நான் இப்ப கண்ண மூடி மௌத்தாகினா அத ஆரு தொழுற?"